பெட்டிக் கார்களை எடுத்துவிடாதே

கோச்சடை, மதுரை
9-2-2005

சிரஞ்சீவி விஸ்வநாத்துக்கு அக்கா பிருந்தா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் அத்திம்பேரும் இங்கே இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதத்தான் கை வரவில்லை. பெங்களூரில் குளிர் குறைந்ததா? இருமல் இருந்தால் வெந்நீராவது குடி. போனில் பேசினால் அவர் காதில் விழும், அதனால்தான் இந்தக் கடிதம்.

பொங்கலுக்கு நீ அனுப்பிய புதுக் கம்ப்யூட்டரும், உங்கள் கம்பெனி செய்த புதுக் கார் ரேஸ் கேமும் வந்து சேர்ந்தன. கேம் முடிவில் ஓடுகிற பெயர்களில் உன் பெயரைப் பார்த்தேன். அம்மா இருந்திருந்தால் தெருவையே கூப்பிட்டுக் காட்டியிருப்பாள்.

அத்திம்பேர் பாங்கின் மேலூர் கிளையிலிருந்து பைக்கில் வரும்போது கல் லாரி இடித்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஆஸ்பத்திரியில் நீ பார்த்ததுதான், பிறகு நீ வரவில்லை. கை கால் சரியாகிவிட்டது. கண்ணிலும் கோளாறு இல்லை என்கிறார் டாக்டர். கண் பார்ப்பதை மூளை சேர்த்து வைத்துப் புரிந்துகொள்வதில்லையாம். தட்டில் சாதம், கறி, அப்பளம் என்று சேர்த்து வைத்தால் எது எது என்று தெரியாமல் விழிப்பார். ஒவ்வொன்றாகத்தான் போடுகிறேன். ஒருநாள் கோரிப்பாளையம் சிக்னலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லாம் ஒண்ணா மேல வந்து விழறதுடி” என்று கண்ணை இறுக்கி மூடி நின்றுவிட்டார். பின்னால் பஸ்காரன் ஹாரனை அடிக்கிறான். அவரைத் தெருவைக் கடக்க வைப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

நீ காலேஜில் படிக்கும்போது ராப்பகலாக விளையாடுவாயே, உங்கள் கம்பெனிக்காரர்கள் அப்போது செய்த அந்தப் பழைய கார் கேமைப் போன வருஷம் பொழுதுபோகப் போட்டுக்கொடுத்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு ரோடு, இரண்டு பக்கமும் ஒரே பச்சை, மேலே ஒரே நீலம். மரம் என்றால் இரண்டு அட்டையைக் குறுக்கே சொருகினது. கார் என்றால் தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், “வளைவு வரது” என்றார். விபத்துக்கு அப்புறம், கண்ணில் பட்டதை அவராகச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு சுற்று முழுக்க ஓட்டி முடித்துவிட்டு, “நான்தாண்டி ஓட்டினேன்” என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அதிலிருந்து தினமும் காலையில் காபி குடித்ததும் அதுதான். கொஞ்ச நாளில் பாலம் தெரிந்தது. எதிரில் வருகிற மஞ்சள் கார் தெரிந்தது. பிறகு ஒருநாள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து அப்பளத்தை அவராகவே தேடி எடுத்தார். நான் அடுக்களைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஐப்பசி மழையில் இடி விழுந்து பழைய கம்ப்யூட்டர் எரிந்துபோயிற்று. நீ புதுசு அனுப்பியதும் சிடியை அதில் போடச் சொல்லி ரிப்பேர் கடைச் சுருளியிடம் கொடுத்தேன். சுற்ற ஆரம்பித்ததும் படார் என்று ஒரு சத்தம். “அக்கா, உள்ளுக்குள்ளயே வெடிச்சுப்போச்சு. இம்புட்டு வேகமாச் சுத்துவாய்ங்கன்னு அந்தப் பழைய சிடிக்குத் தெரியுமா?” என்று துண்டுகளைக் கையில் கொடுத்தான். பாவம், அவனும் எங்கெங்கோ விசாரித்தான். அந்தக் கேம் இப்போது யாரிடமும் இல்லையாம்.

சரி, இதுவும் கார்தானே என்று உன் புதுக் கேமைப் போட்டேன். ரோட்டில் இலை நிழல் ஆடுகிறது, ஓரத்தில் ஜனங்கள் கொடி ஆட்டுகிறார்கள், கண்ணாடியில் வெயில் தெறிக்கிறது. எனக்கே நிஜம்போலிருந்தது. அவர், “ரோடு எங்க? ரோடு எங்கடி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் மேஜைக்குக் கீழே போய்த் தலையைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேட்டி நனைந்திருந்தது.

அடுத்த கேமில் பழைய கார்களையும் பழைய பாதைகளையும் அப்படியே வைத்துக்கொள்ளலாமா, எடுத்துவிடலாமா என்று உங்கள் ஆபீசில் பேச்சு நடக்கிறது என்றாயே. எடுத்துவிடலாம் என்பதுதான் உன் கட்சியும் என்று சிரித்தாய். நீ ராத்திரி பகலாக ஒவ்வொரு இலையாக வரைகிறவன், உன் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன், அந்தப் பெட்டிக் கார்களை எடுத்துவிடாதே. ஒரு மூலையில் கிடக்கட்டும். வேண்டாதவர்கள் தொடாமல் போகட்டும்.

அன்புடன் அக்கா
பிருந்தா

கோச்சடை
21-8-2005

சிரஞ்சீவி விஸ்வநாத்துக்கு ஆசீர்வாதம். உன் கடிதமும் அடுத்த கேமின் சிடியும் கிடைத்தன. எனக்காகக் கட்சி மாறி, கூட்டத்தில் எழுந்து பேசினாய் என்று படித்தபோது மனசு நிறைந்தது. புதுசுக்கு நடுவில் பழசு நின்றால், காசு கொடுத்து வாங்குகிறவன் ஏமாற்றிவிட்டான் என்பான் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள் என்றால் நீ என்ன செய்வாய்? அவர்கள் வியாபாரம் அவர்களுக்கு. பழைய கேமின் சிடி உங்கள் ஆபீசிலும் தேடிக் கிடைக்கவில்லை என்கிறாய்.

அந்தப் பழைய பாதையை மட்டுமாவது புதுசாக வரைந்து சேர்த்துக்கொண்டார்கள், பேர் அதேதான், வளைவுகளும் அதேதான் என்று எழுதியிருந்தாய். பேரைச் சொன்னதும் அத்திம்பேர் முகம் மலர்ந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். “இது அது இல்ல” என்றார். இந்தத் தடவை பயப்படவில்லை, மேஜைக்குக் கீழே போகவில்லை. மெதுவாக எழுந்து போய் வெள்ளைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கேம் வேண்டும் என்று கேட்பதே இல்லை. தட்டிலும் பழையபடி ஒவ்வொன்றாகப் போடுகிறேன்.

ஜூனிலிருந்து நான் பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பிவிட்டேன். வேறு வழியில்லை. அவரை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டுதான் போகிறேன். அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரி பேசுகிறார்கள், பேசட்டும்.

முந்தாநாள் சாயங்காலம் வந்து பூட்டைத் திறந்தேன். வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. ஒன்றும் பேசாமல் எதிரில் நின்றேன். அவர் எழுந்து நின்று, “யாரு? உள்ள வாங்கோ. அவ ஸ்கூலுக்குப் போயிருக்கா, இப்ப வந்துடுவா” என்று மரியாதையாக நாற்காலியைக் காட்டினார். நான் போய் அதில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.

டாக்டரிடம்கூட நான் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். ரோடு தெரிந்தது, பாலம் தெரிந்தது, அப்பளம் தெரிந்தது. இப்படியே ஒவ்வொரு படியாக ஏறி, ஒருநாள் என் முகம் வரைக்கும் வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன்மேல் எனக்குக் குறை இல்லை. புதிதாக எதுவும் அனுப்ப வேண்டாம். முடிந்தால் நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போ. வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதே, பேசிக்கொண்டே உள்ளே வா. குரல் இன்னும் தெரிகிறது. அதுவும் எதுவரைக்கும் என்று எனக்குத் தெரியாது. சீக்கிரம் வா.

நீ தீர்க்காயுசாக, உன்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் உன்னைத் தெரிந்துகொள்ளும்படி வாழ வேண்டும்.

உன் அக்கா
பிருந்தா