முட்டுச்சுவர்களை இடித்தவருக்கு

இன்று காலை நம் குடியிருப்பின் பின்மதிலுக்கு முட்டுச்சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். ஈரச் சிமென்ட் வாசனை என் சமையலறை வரை வந்தது. நீங்கள் இருந்தவரை நடக்காத வேலை, சார். நீங்கள் போய் ஒரு மாதத்தில் நடக்கிறது.

முட்டுச்சுவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பிரான்ஸ் போய் வந்து, ஆர்.கே.புரத்தில், வடக்கே குடியேறிய நம் தமிழர்களைக் கூட்டித் தேவாலயப் படங்களைத் திரையில் காட்டினீர்கள். சுவரோடு ஒட்டி நிற்பது, படிப்படியாகக் குறுகி ஏறுவது, விலகி நின்று வளைவாகக் கை நீட்டித் தாங்கும் 'பறக்கும் முட்டு' என்று வகைவகையாக விளக்கினீர்கள். "இத எடுத்துட்டா மொத்தமும் சரிஞ்சிடும்" என்றீர்கள். நானும் கைதட்டினேன்.

அடுத்த மாதமே, குடியிருப்போர் சங்கத் தலைவராக, நம் மதிலைத் தாங்கிய நான்கு முட்டுகளையும் இடிக்கச் சொன்னீர்கள். கார் நிறுத்த இடம் வேண்டுமாம். மதிலுக்கு அப்பால் மேட்டு மண். அதன்மேல் நம் வீடுகளில் வேலை செய்யும் செல்வியின் குடிசை. மண் தள்ளும், மதில் நிற்காது என்று சங்கக் கூட்டத்தில் சொன்னேன். கட்டடப் பொறியாளர் நான்.

"ஏம்மா, அது சர்ச்சு, இது காம்பவுண்டு. ஆபீஸ்ல நீ பாத்துக்கோ, இங்க நான் பாத்துக்கறேன். அச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த மழைக்காலத்தில் மதில் நம் பக்கம் சாய்ந்தது. மண்ணோடு குடிசையும் இறங்கியது. செல்வியின் இடது கால் முறிந்தது. ஓடி வந்த நீங்கள் காவலாளியிடம் முதலில் கேட்டது உங்கள் காரைப் பற்றி.

மறுநாள் ஒரு தாளோடு வந்தீர்கள். கனமழையே காரணம் என்று எழுதியிருந்தது. "இன்ஜினியர் கையெழுத்து இருந்தா நல்லதும்மா." போட்டேன். உங்களைப் பகைத்துக்கொண்டு அதே மாடிப்படியில் தினமும் ஏறி இறங்க எனக்குத் தைரியமில்லை. அந்தத் தாளைக் காட்டித்தான் மதிலை முட்டில்லாமலே திரும்பக் கட்டினீர்கள்.

உங்கள் இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். இடிக்கச் சொன்னவர் நீங்கள், பொய்க்குக் கையெழுத்திட்டவள் நான் என்றேன். உங்கள் மகன் எழுந்து போனார். கண்ணீர் வரவில்லை எனக்கு. இப்போதும் வரவில்லை.

கூட்டம் முடிந்ததும், பின்னால் நின்று கேட்ட செல்வி சாய்ந்து சாய்ந்து நடந்து என்னிடம் வந்தாள்.

"படிச்சவங்க நீங்க எழுதினத நம்பி, இத்தன நாளா மழையத்தானேக்கா திட்டிக்கிட்டு இருந்தேன்?"

உங்களால் எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான், சார்.