ஆறு எங்கே என்று கேட்டார்கள், சாமு

என் ஆசை மச்சான் சாமுவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். உன்னிடம் அதைக் கேட்கலாமா, கூடாதா என்று தெரியாமல் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். சரி, கேட்டே விடுகிறேன். நல்லா இருக்கியா? காய்ச்சல் விட்டுவிட்டதா?

நாங்கள் இருக்கிறோம். ஆபீஸ் அதே மாமல்லபுரத்து மாடியில்தான் இருக்கிறது. கீழே பட்டறையில் கல் தட்டுகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் இன்னமும் வழி தவறி மேலே ஏறி வந்து பிள்ளையார் என்ன விலை என்று கேட்கிறார்கள். நீ இருந்தால் எந்த சைஸ் வேண்டும் என்று பேரத்தையே ஆரம்பித்திருப்பாய். நான் கையைக் கீழே காட்டிவிட்டுத் திரும்பிக்கொள்கிறேன்.

சாயங்காலம் செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னல் சீட் இப்போது எனக்கே கிடைக்கிறது. அதற்காக உன்னோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன்! திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை காற்று முகத்தில் அடித்துக்கொண்டே வருகிறது. பக்கத்தில் யாராவது முன்பின் தெரியாதவர் உட்கார்ந்து என் தோளில் தூங்கிவிடுகிறார். எழுப்ப மனம் வருவதில்லை.

நம் வேலை என்னவென்று ஊரில் யாருக்காவது புரியவைக்க முடிந்ததா நம்மால்? கம்ப்யூட்டரில் ஒரு தட்டையான தரையை விரித்து, பிரஷ்ஷால் இழுத்தால் மலை எழும்பும், அமுக்கினால் பள்ளம் விழும், அந்தத் தரைமேல்தான் வெளிநாட்டுப் பிள்ளைகள் விளையாடும் கேமில் குதிரை ஓடும் என்று நீ உன் அம்மாவிடம் மூச்சு விடாமல் விளக்கினாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் யாரோ விசாரித்தபோது அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "எம் புள்ள கம்ப்யூட்டர்ல மண்ணு வேல செய்றான்."

உனக்கு வந்த கோபம்! "ஏம்மா, நீயும் நைனாவும் காலம்பூரா அடுத்தவன் நெலத்துல மண்ணு வேல செஞ்சீங்க. நான் படிச்சிட்டு வந்தும் அதே மண்ணு வேலதானா?" அம்மா அசரவில்லை. "பின்ன, நெழல்ல குந்திகினு செய்றியே, அது போதாதா?" என்றார். அதற்கப்புறம் நீயே யார் கேட்டாலும் 'மண்ணு வேலை' என்றுதான் சொன்னாய். நான் ஒருத்தன்தான் இன்னும் 'டெரெய்ன் ஆர்ட்டிஸ்ட்' என்று பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், செங்கல்பட்டு கம்ப்யூட்டர் சென்டரில் இருவருக்கு ஒரு மெஷின் என்று சேர்த்து உட்கார வைத்தார்களே, அன்றைக்கே நமக்குள் பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. மேடெல்லாம் எனக்கு, பள்ளமெல்லாம் உனக்கு. நான் மலை, நீ ஆறு. பிறகு உன் அக்கா மெர்சியை நான் கட்டிக்கொண்டபோது, 'இனி அவரை மாமான்னு கூப்புடு' என்று பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு மறுநாள் மறுபடியும் 'மச்சான்' என்றாய்.

நம் முதல் ஆற்றை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. 'அகலமான ஆறு, பெரிய பள்ளத்தாக்கு' என்று வெளிநாட்டு கிளையண்ட் கேட்டிருந்தான். நீ உயிரைக் கொடுத்துச் செய்தாய். கரைக்குக் கரை வெள்ளை மணல். நடுவில் மணல் லாரி போன தடம். அங்கங்கே குடிதண்ணீருக்குத் தோண்டிய ஊற்றுப் பள்ளம். ஓர் ஓரமாக, தேடினால்தான் தெரிகிற மாதிரி, ஒரு கோடு தண்ணீர். எனக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நாம் இருவரும் படாளம் பக்கத்துப் பிள்ளைகள். பாலாற்றைத் தவிர வேறு எந்த ஆற்றை நாம் கண்டோம்? பெருமையாக அனுப்பிவைத்தோம்.

பதில் வந்தது. 'பாலைவனம் மிகவும் அழகாக இருக்கிறது. ஆறு எங்கே?'

நீ அந்த வரியைப் பல தடவை படித்தாய். "இன்னா மச்சான் இவன்? ஆத்தையே காட்டிகிறோம், ஆறு எங்கன்னு கேக்குறான்?" நம் டீம் லீட் வைதேகி மேடம் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவர், சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "சாமு, ஆறுன்னா தண்ணி ஓடணும்." நீ உண்மையிலேயே குழம்பிப் போய்த்தான் கேட்டாய். "தெனமுமா மேடம்?"

அன்றைக்கு மாடியே சிரித்தது. நீயும் சிரித்தாய். அந்த ஆற்றை அழித்துவிட்டு, படத்தைப் பார்த்து வேறொன்று செய்து கொடுத்தோம். ஆனால் உனக்கு அது மனதில் இருந்துகொண்டே இருந்திருக்கிறது. அதை என்னிடம் ஏன் சொல்லவில்லை?

நீ கடைசியாகச் செய்துகொண்டிருந்த கேம் தரையை, அந்த மேப்பைத் திறந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். மறுபடியும் பள்ளத்தாக்கு, மறுபடியும் ஆறு. இந்தத் தடவை தண்ணீருக்குக் கீழே இருக்கப் போகிற தரையை நீ பாலாறாகவே செய்து வைத்திருந்தாய். மாடு இறங்கும் சரிவு, கரை உடைந்த இடம், மணல் மேல் காற்று போட்ட வரிகூட இருந்தது. யாருமே பார்க்கப்போகாத தரைக்கு இவ்வளவு வேலை எதற்கு என்று உன்னைத் திட்டியிருப்பேன். அதற்குள் நீ காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டாய்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா? குரல் கம்மியிருந்தது. "மச்சான், அந்த மேப்ப எவனையும் தொட வுடாத. ஆத்துல இன்னும் கொஞ்சம் வேல கீது. நான் வந்து முடிக்கிறேன்." நான் 'சரிடா, முதல்ல கஞ்சியக் குடி' என்று சொல்லி வைத்துவிட்டேன். நம் கடைசிப் பேச்சு கஞ்சியைப் பற்றியதாகப் போய்விட்டது. காய்ச்சல் முற்றி நீ போனபோது உன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தது அக்காதான். நான் கீழே மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அந்த மேப்பை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. தினமும் திறப்பேன், உன் ஆற்றில் மேலும் கீழும் நடப்பேன், மூடிவிடுவேன். வைதேகி மேடம் கொஞ்ச நாள் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "தேவா, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இந்த வாரம் அனுப்பியாகணும். ஆத்துல தண்ணிய ஏத்திடுங்க. ஃபைல் ரொம்ப கனமா இருக்கு, அதனால அடியில இருக்கிற தரையை ஸ்மூத் பண்ணிடுங்க. அது யாருக்கும் தெரியப் போறதில்ல" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் என்னால் கோபப்படக்கூட முடியவில்லை.

ஸ்மூத் என்றால் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோசைக்கல்லைத் துடைக்கிற மாதிரி ஒரு தேய்ப்பு, எல்லாம் சமமாகிவிடும். உன் கைபட்டதில் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான் சாமு. அதைத் தேய்க்கச் சொன்னால் நான் என்ன செய்வேன்? யாரிடம் போய்க் கேட்பேன்? இந்த மாதிரி விஷயத்தை நான் கேட்கிற ஆள் நீதானே?

வீட்டிலும் பேச ஆளில்லை. மெர்சி உன் பெயரையே எடுப்பதில்லை. உன் சட்டைகளைத் துவைத்து மடித்து என் அலமாரியில் வைத்துவிட்டாள், அவ்வளவுதான். நீலச் சட்டையை நான் போட்டுக்கொள்கிறேன், தோளில் கொஞ்சம் பிடிக்கிறது. சாப்பிடும்போது அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறோம். ஒரே ஆளை இழந்த இருவர் ஒரே வீட்டில் இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவளை நேராக ஆபீசுக்குக் கூட்டி வந்தேன். நாம் என்ன செய்கிறோம் என்று அவள் பார்த்ததே இல்லை. மாடியில் யாரும் இல்லை, பட்டறைக்கும் லீவு. உன் நாற்காலி என்று நான் சொல்லவில்லை, அவளாகவே அதில் உட்கார்ந்தாள். மேப்பைத் திறந்து, மவுஸை எப்படி நகர்த்துவது என்று காட்டினேன். தட்டுத் தடுமாறி என் மலை மேலெல்லாம் ஏறி இறங்கிவிட்டு ஆற்றுக்கு வந்தாள்.

வந்தவள் மவுஸை அப்படியே நிறுத்திவிட்டாள். "இது நம்ம ஆறுதானே?"

"ஆமா."

"இந்தப் பள்ளம் இன்னா... ஊத்தா?" முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "இவ்ளோ பெருசாவா ஊத்து தோண்டுவாங்க? இவன் எங்க தோண்டினான்? நான் தோண்டி, நான் மொண்டு, நான் தூக்கினு வருவேன். தொர கரை மேல குந்திகினு பாட்டு பாடுவாரு."

எத்தனை நாளைக்கப்புறம் உன்னைத் திட்டினாள் தெரியுமா? அந்தத் தைரியத்தில்தான் வாயைத் திறந்தேன். விஷயத்தைச் சொன்னேன். தண்ணீர் ஏற்றச் சொல்கிறார்கள், ஏற்றினால் இதெல்லாம் முழுகிவிடும், எவனையும் தொட விடாதே என்று நீ சொல்லியிருக்கிறாய், என் கை வரவில்லை என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"உனக்கு இன்னா பைத்தியமா? ஆத்துக்குத் தண்ணி வேணாம்னு அவனா சொல்லுவான்? மேல ஏரிங்கல்லாம் ரொம்பி தண்ணி வருதுன்னு சேதி வந்தா ஊர்ல எவன் மொதல்ல ஓடுவான்? ஸ்கூல் பைய வாய்க்கா வரப்புல கடாசிட்டு ஓடினான். எல்லாரும் ஆத்துக்குக் கற்பூரம் காட்டினு நிக்கிறாங்க. நம்ம தெருக்காரங்க, ஏசுவக் கும்புடுற வேதக்காரங்கன்னு ஓரமா நின்னுகினு இருக்கோம். இவன் யாரோ வெச்சிருந்த பூவப் புடுங்கித் தண்ணியில போட்டுட்டு வரான். அம்மா போட்ட போடு இன்னும் எனக்கு ஞாபகம் கீது." மறுபடியும் திரைப் பக்கம் திரும்பினாள். "தண்ணிய வுடு. ஆனா, அடியில கைய வெக்காத."

விட்டேன் சாமு. நம் தண்ணீர் மேலிருந்து ஓடி வருகிற தண்ணீர் இல்லை என்பது உனக்குத் தெரியும். அது ஒரு நீலத் தகடு. அளவைக் கூட்டினால் கீழேயிருந்து எழும்பும், அவ்வளவுதான். மெர்சிக்கு அது தெரியாது. முதலில் உன் ஊற்றுப் பள்ளங்களில்தான் நீலம் தெரிந்தது. "யெப்பா, ஊத்து ஊறுது பாரு" என்றாள். பிறகு லாரித் தடம் நனைந்தது. மாடு இறங்கும் சரிவு பாதி முழுகியது. நான் மெல்ல மெல்லக் கூட்டினேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள். தண்ணீர் இரண்டு கரையையும் தொட்டது.

அப்போது அவள் கத்தினாள். ஊரில், ஆற்றங்கரையில் நின்று கத்துகிற அதே கத்தல். "டேய் சாமு! ஆத்துல தண்ணி வந்துட்ச்சிடா! ஓடியா, ஓடியா!"

கத்திவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாடி முழுக்க அந்தக் குரல் இருந்தது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன் மச்சான், நாங்கள் இருவருமே திரும்பி மாடிப்படியைப் பார்த்தோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

மேப்பை அனுப்பிவிட்டேன். கனத்தைக் குறைக்க என் மலைகளைத்தான் தேய்த்தேன், வழுக்கை விழுந்த மாதிரி நிற்கின்றன. வைதேகி மேடம் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. உன் மணல் நீ விட்டபடியே தண்ணீருக்குள் இருக்கிறது. இனி எந்த நாட்டுக்காரன் ஆறு கேட்டாலும், முதலில் அடியில் உன் மணலைப் போட்டுவிட்டுத்தான் தண்ணீரை ஏற்றுவேன். தண்ணீர் ஏறும்போது உன் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். அவள் கூப்பிடட்டும். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

உன் அக்காவைக் கட்டிக்கொண்டவன்,
உன் மச்சான் தேவா