துண்டுக்குள் சொன்ன எண்ணிக்கை

ஏனுங்க, உங்கள் பச்சைத் துண்டைத் துவைத்து வேலியில் காயப் போட்டிருக்கிறேன். இரண்டு தடவை சோப்புப் போட்டும் மாட்டு வாடை போகவில்லை. ஆஸ்பத்திரி வாடை மட்டும் போய்விட்டது. உங்கள் காரியம் முடிந்ததிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அந்தப் பையை நான் பிரிக்கவே இல்லை. இன்றைக்குக் காலையில் டாக்டரம்மா போன் செய்ததால் பிரிக்க வேண்டியதாகிவிட்டது.

"அய்யாவுக்குக் குடுத்த நோட்டு உங்ககிட்டத்தான இருக்குங்கம்மா? நாளைக்கு ஆளனுப்பறேன், குடுத்துருங்க. இதே ஊசிய இன்னும் சில பேருக்குப் போட்டுட்டிருக்கோம், அதுக்குத்தான் கேக்கறேன்" என்றார். சரிங்க என்றேன். நோட்டு அந்தத் துண்டுக்குள்தான் சுருண்டு கிடந்தது.

சிறுநீரகத்துக் கட்டி நுரையீரலுக்கு ஏறி, எந்த மருந்துக்கும் மசியாமல் போன பிறகு, கோயம்புத்தூரில் இந்த ஊசியைப் பற்றிச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிற மருந்து, சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்கள் என்றார் டாக்டரம்மா. நம் மகன் வயதுதான் இருக்கும் அவருக்கு. பொறுமையாகச் சொன்னார்.

"உடம்புல நோயை அடிக்கற அணுக்கள் இருக்குதுங்க. அதுங்க அளவு மீறிராம அடக்கி வெக்கறதுக்கும் சில அணுக்கள் இருக்கு. கட்டி என்ன பண்ணுதுன்னா, அந்த அடக்கற அணுக்களத் தன்னைச் சுத்திச் சேத்து வெச்சுக்குது. இந்த ஊசியில இருக்கற ஆன்டிபாடி அதுங்களத் தேடிப் போய் ஒட்டி, குறைச்சுரும். அப்புறம் அடிக்கற அணுக்கள் கட்டிய அடிக்கும்."

நீங்கள் தாடையைச் சொறிந்தீர்கள். "அப்ப, மூக்கணாங்கயித்த உருவி உடறீங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதாங்க. ஆனா கயிறில்லாத காளை சொந்தக் காட்டையும் மேயுமில்லைங்களா? அந்த அணுக்கள் உங்க குடலையே தாக்கலாம். வயித்தால போறது நாலு தடவைக்கு மேல போச்சுன்னா, அன்னைக்கே கூப்புடுங்க."

தினமும் எத்தனை தடவை என்று நாளுக்கொரு கட்டத்தில் எழுதுவதற்குத்தான் இந்த நோட்டு. எழுதுகிற வேலை எனக்கு.

இரண்டு ஊசி போட்டபின் எடுத்த படத்தில் கட்டிகள் சுருங்கியிருந்தன. திரும்பி வரும்போது வேலந்தாவளத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியவர், வீட்டுக்கு வராமல் நேரே மாட்டுச் சந்தைக்குள் நுழைந்தீர்கள். ஆள் பாதியாகியிருந்தும் தரகர் புத்தி போகவில்லை. யாருடைய மாட்டுக்கோ துண்டை விரித்துப் பேரம் பேச நின்றுவிட்டீர்கள். அந்தக் கடுப்பிலும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. துண்டுக்குக் கீழே ஒருத்தர் விரலை ஒருத்தர் பிடித்து விலை சொல்ல, மேலே இரண்டு முகமும் ஒன்றும் தெரியாததுபோல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. கல்யாணமான புதிதில் இந்த விரல்கணக்கை என் கையில்தான் ஒத்திகை பார்ப்பீர்கள். ஏழு என்றால், ஐந்து விரலையும் சேர்த்து ஒரு பிடி, அப்புறம் இரண்டு விரல். நான் தப்பாகச் சொன்னால், "உன்னய சந்தைக்குக் கூட்டீட்டுப் போனா மாட்ட ஓசியாக் குடுத்துட்டு வந்துருவ" என்று கேலி வேறு.

மூன்றாவது ஊசிக்கு ஒரு வாரம் இருக்கும்போது உங்களுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. மகன் லீவு போட்டு வீட்டில் இருந்தான். அவன் காதில் விழுந்தால் உடனே டாக்டருக்குச் சொல்லிவிடுவான். மாட்டுச் சாளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். மடியில் துண்டை விரித்து, அதற்குக் கீழே என் கையைப் பிடித்தீர்கள். ஐந்து. அப்புறம் ஒன்று.

"நோட்டுல ரெண்டுன்னு எழுதிக்க அம்முணி."

"நாலுக்கு மேல போனா கூப்படச் சொன்னாங்கல்லங்க?"

"கூப்ட்டா ஊசிய நிறுத்திப்போடுவாங்க. இப்பத்தான் கட்டி கரைஞ்சுட்டு வருது, இப்பப் போயிக் கயித்தக் கட்டச் சொல்றயா? துண்டுக்குள்ள சொன்னத வெளிய சொல்லப்படாது. உனக்குத் தெரியாததா?"

இரண்டு என்று எழுதினேன். பழியை உங்கள் தலையில் மட்டும் கட்ட மாட்டேன். எனக்கும் அந்த ஊசி வேண்டியிருந்தது. மோர் கரைத்துக் கொடுத்தேன். மாதுளம்பழத் தோலை அரைத்துக் கொடுத்தேன். மறுநாள் ஏழு. அதற்கடுத்த நாளும் ஏழு. பிறகு ஒன்பது. நோட்டில் இரண்டு, இரண்டு, இரண்டு. கையெழுத்துக்கூடக் கோணவில்லை.

ரத்தம் போக ஆரம்பித்த பிறகு மகன்தான் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினான். குடல் ஓட்டையாகியிருந்தது. ஆபரேஷன் செய்தும் தேறவில்லை. டாக்டரம்மா நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மொதல்லயே தெரிஞ்சிருந்தா அடக்கறதுக்கு மருந்து இருந்துச்சுங்கம்மா. ரெண்டு தடவைதான்னு எழுதியிருக்கீங்களே?"

"ஆமாங்க" என்றேன்.

நோட்டைத் திருப்பி என் கையில் கொடுத்துவிட்டார். மூன்றாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். கட்டி பாதிக்குமேல் கரைந்திருந்ததாகச் சொன்னார்கள். அதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போதும் அப்படியேதான் இருக்கிறேன். பால் கறக்கிறேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறேன், மகன் சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறேன். உங்கள் மேல் கோபமாவது வந்தால் தேவலை என்று தோன்றுகிறது. அதுவும் வரமாட்டேன் என்கிறது.

மத்தியானம் அதே சாளையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். என்ன எழுத வேண்டும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, விரல்களுக்கு ஞாபகம் இருந்தது. முதல் இரண்டை அடித்து ஆறு என்று எழுதினேன். அடுத்ததை அடித்து ஏழு. அடுத்து ஏழு, அப்புறம் ஒன்பது. கடைசியில், "அவர் என்னிடம் சரியாகத்தான் சொன்னார், பொய்யாக எழுதியது நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உங்கள் சந்தைக்காரர்கள் கேட்டால் காறித் துப்புவார்கள். துப்பட்டும். அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு எங்கேயோ ஒருத்தர் தன் பெண்டாட்டியிடம் இரண்டு என்று எழுதச் சொல்லிக்கொண்டிருப்பார். டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு இந்த நோட்டைக் காட்டட்டும்.

நீங்கள் போன நாளுக்கும் நோட்டில் ஒரு கட்டம் இருக்கிறது. அன்றைக்குத் துண்டு பைக்குள் இருந்தது. குழாய்களுக்கு நடுவில் என் கையைத் தேடிப் பிடித்து, விரல்களுக்கு இடையில் உங்கள் விரல்களைக் கோத்துக்கொண்டீர்கள். சந்தையில் யாரும் அப்படிப் பிடிப்பதில்லை. அந்தக் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. அத மட்டும் ஆருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க.