மூன்று மில்லிபார்

மே 27

காலையில் வெயில். பிற்பகலில் இடி, கொஞ்ச நேரம் மழை, மறுபடி புழுக்கம். வாரம் முழுக்க இதே கதை. நான் எழுதும் வானிலை அறிக்கையிலும் இதே வாக்கியம்: கடலோரப் பகுதிகளில் பிற்பகலில் இடியுடன் மழை பெய்யக்கூடும். தேதியை மட்டும் மாற்றுகிறேன். சம்பளம் வாங்குகிறேன்.

அக்கா மொட்டைமாடிக்குத் துணி வாளியைத் தூக்கிப் போனாள். வேண்டாம்க்கா, மழை வரக்கூடும் என்றேன்.

"உன் 'கூடும்'ஐ நம்பினா வீட்ல எல்லாரும் ஈரத்துணியோடதான் வேலைக்குப் போகணும்."

காயப்போட்டாள். நனைந்தது. "சரி, இன்னைக்கு நீ ஜெயிச்சே, போ."

அத்தான் எனக்கு வைத்திருக்கும் பெயரே 'கூடும்'தான். கூடும் வந்தாச்சா? கூடும் சாப்பிட்டாச்சா? அக்காவைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் என்னை விட்டுவைத்ததில்லை.

மே 30

புளுகுணி இன்றும் புளுகியது.

நடுக்கடலில் எங்கள் மிதவை ஒன்று நிற்கிறது. காற்றழுத்தத்தை அளந்து அனுப்பும். அனுப்புவது எப்போதும் மூன்று மில்லிபார் குறைவு. அதனால் அந்தப் பெயர். கருவியை மாற்றச் சொல்லி மேலே எழுதி எழுதி அலுத்துவிட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சார் சொன்ன முதல் பாடம்: "அது சொல்றதை அப்படியே எடுக்காதே. மூணு கூட்டிக்கோ." இப்போது நான் யோசிப்பதில்லை. கை தானாகக் கூட்டி வரைபடத்தில் குறித்துவிடுகிறது.

தெரிந்த பொய் ஒரு வசதி. (இந்த வரியை எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.)

ஜூன் 4

அத்தான் கடலிலிருந்து வந்தார். துறைமுகத்தின் பராமரிப்புப் படகில் அவர் இஞ்சின் பார்ப்பவர். வந்தால் வீடே இஞ்சின் அறை மாதிரி, ஒரே சத்தம், டீசல் வாசனை. சாப்பிடும்போது புளுகுணியைப் பற்றி ஏதோ கதை சொன்னார், கையை ஆட்டி ஆட்டி. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். போனில் மேகப்படம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தென்கிழக்கில் ஒரு வெள்ளைப் பிசிறு.

ஜூன் 7

பிசிறு கலையவில்லை. பகலில் கலைவது போலக் கலைந்து மறுபடி கூடுகிறது. புயலாக மாறும் வாய்ப்பு பத்து சதவீதம் என்று போட்டோம்.

வாய்ப்பை நாங்கள் படிப்படியாகத்தான் ஏற்றுவோம். பத்து, இருபது, முப்பது. இறக்கும்போதும் அப்படியே. தாவக் கூடாது. தாவினால், நேற்று என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார்கள். வானம் படியேறித்தான் வரும் என்று யார் சொன்னது? இதை சாரிடம் கேட்கவில்லை. இங்கே எழுதுவதோடு சரி.

ஜூன் 9

இருபது.

புளுகுணி ஆயிரத்து நான்கு என்றது. நான் ஆயிரத்து ஏழு என்று குறித்தேன். சார் எட்டிப் பார்த்து, "பெரிசா ஒண்ணுமில்ல" என்றார்.

அத்தானின் படகு இன்று கிளம்பியது. ஒரு மிதக்கும் மேடையைக் கட்டி இழுத்துக்கொண்டு அடுத்த துறைமுகம் வரை போக வேண்டும். மெல்லத்தான் போகும். பையைத் தோளில் மாட்டியபடி வாசலில் நின்று கேட்டார்:

"கூடும், போகலாமா?"

"இருபதுதான் அத்தான். போகலாம்."

"அட! ஒரு கூடும் இல்லாம நேரா பதில் வருதே. இதை எங்கயாவது குறிச்சு வைடி" என்றார் அக்காவிடம்.

குறித்து வைத்தது நான்தான். இதோ.

ஜூன் 10

இடி இல்லை. மழை இல்லை. காற்றே இல்லை. துணி நன்றாகக் காய்ந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 11

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மதியத்துக்கு முன் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து தகவல். புளுகுணிக்கு மிக அருகில் கடந்திருக்கிறது. அழுத்தம் ஆயிரத்து ஒன்று. புளுகுணி அனுப்பியதும் ஆயிரத்து ஒன்று. நான் குறித்திருந்தது ஆயிரத்து நான்கு.

"கப்பல்காரன் கருவி என்னைக்கு சரியா இருந்திருக்கு?" என்றார் சார்.

சரி என்று திரும்பினேன். ஆனால் இரண்டும் ஒரே எண். அத்தான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்ன கதை — என்ன கதை அது?

அக்காவுக்கு போன் செய்தேன்.

"அன்னைக்கு அத்தான் புளுகுணியைப் பத்தி என்னக்கா சொன்னார்?"

"வேலை நேரத்துல இதென்னடி கேள்வி?"

"சொல்லுக்கா!"

"பழைய பெட்டியைக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டினாங்களாம். 'பொய் நாக்கை அறுத்துட்டு உண்மை நாக்கு வச்சாச்சு'ன்னார். நீயும்தானே சிரிச்சே?"

சிரித்தேன். ஆமாம். சிரித்தேன்.

கருவி மாற்றிய தகவல் கருவிப் பிரிவுக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து எங்களுக்கு வரவில்லை. மிதவை உண்மை பேச ஆரம்பித்த நாளிலிருந்து அதைப் பொய்யாக்கிக்கொண்டிருந்தது என் கைதான். அங்கே ஒன்று ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கிறது. இருபது இல்லை. எழுபது.

சாரிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் —

"இருபதுல இருந்து எழுபதா? இப்ப நாப்பது போடுவோம். அடுத்த அறிக்கையில ஏத்தலாம்."

"சார், எங்க அத்தான் கடல்ல இருக்கார்."

"எல்லாருடைய அத்தானும்தான்மா கடல்ல இருக்காங்க."

தலைமை அலுவலகத்தைக் கேட்காமல் முடியாது என்று போனை எடுத்தார். இணைப்பு கிடைக்கவில்லை. மறுபடி போட்டார். வெளியே முதல் இடி.

நான் தாழ்வாரத்துக்கு வந்து துறைமுக ரேடியோ அறையைக் கூப்பிட்டேன். இது என் வேலை இல்லை. அறிக்கை போகும், நாங்கள் கூப்பிடுவதில்லை. எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள்.

"அறிக்கையில இருபதுன்னு போட்டிருக்கே?"

"தப்பு."

"யார் சொல்றது?"

"எழுதினவ."

எந்தப் படகு என்று கேட்டாள். பிறகு படகோடு என்னை இணைத்தாள். கரகரப்பு. இடி விழும்போதெல்லாம் குரல் அறுந்து அறுந்து வந்தது. படகு கேப்டன்.

"வருமா வராதா? அதை மட்டும் சொல்லும்மா."

"வரும்."

"மேடையை இழுத்துக்கிட்டுத் திரும்பினா வேகம் கிடைக்காதே."

பெரிய இடி ஒன்று. அப்புறம் வெறும் இரைச்சல்.

உள்ளே போனேன். தலைமை அலுவலகம் கிடைக்காமலே சார் போனைக் கீழே வைத்துவிட்டிருந்தார். "எழுபது போடு. கையெழுத்து என்னுதுதானே, போகட்டும்."

ஜூன் 12

ஜன்னல்களைக் கயிறு போட்டுக் கட்டினோம். தெருவில் தகரம் ஒன்று போகிறது, எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து. மின்சாரம் இல்லை. படகிலிருந்து பதில் இல்லை. துறைமுக ரேடியோ கம்பமே சாய்ந்துவிட்டதாம்.

அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். அரிசி களைந்த பாத்திரம் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீதானே போகலாம்னே."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

அந்தக் கேப்டன் என்னை நம்பித் திரும்பினாரா? இல்லை, மேடையைக் கட்டிக்கொண்டு இன்னும் நடுக்கடலில்தான் இருக்கிறாரா?

ஜூன் 13

படகு ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. எல்லோரும் உயிரோடு.

மேடை கடலோடு போயிற்று. அதை அறுத்துவிட்டுத்தான் திரும்பியிருக்கிறார்கள். அறுக்கும்போது மேடையை இழுத்த கம்பிவடம் சுண்டி அத்தானின் வலது கையில் —

அக்கா செருப்பு மாட்டாமலே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நான் அவள் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ஜூன் 15

இரண்டு விரல்கள். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும்.

"கூடும், இனிமே நான் எட்டு வரைக்கும்தான் எண்ணுவேன். மூணு கூட்டணும்னா நீதான் கூட்டணும்" என்றார் அத்தான். அவருக்கு யாரோ எல்லாம் சொல்லிவிட்டிருக்கிறார்கள். சிரிக்க வைக்கப் பார்க்கிறார். அக்கா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கேப்டன் விசாரணையில், அலை மாறியதைப் பார்த்துத் திரும்பினேன் என்று சொல்லிவிட்டாராம். நான் ரேடியோவில் பேசியதை மறைத்து என்னைக் காப்பாற்றுகிறாராம். யார் கேட்டது? நடந்ததை நடந்தபடி எழுதி சாரிடம் கொடுத்தேன், ரேடியோ அறையைக் கூப்பிட்டதையும் சேர்த்து. படித்தார். கண்ணாடியைத் துடைத்தார். அடியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: மூன்று கூட்டச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

ஜூன் 18

விசாரணை முடியும்வரை நான் அறிக்கை எழுத வேண்டாமாம். பழைய மழை அளவுகளைத் தட்டச்சு செய்கிறேன். பெய்து முடித்த மழை. அதில் கூடும் கிடையாது.

அக்கா என்னிடம் பேசுகிறாள். உப்பு எடு. கதவைச் சாத்து. அந்த அளவுக்கு.

ஜூன் 21

நான் சரியாகக் குறித்திருந்தாலும் புயல் வந்துதான் இருக்கும். புயல் மட்டும் என்றால் நான் இங்கே இதை எழுதிக்கொண்டிருப்பேனா? ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் மேடையை இழுத்துக்கொண்டே திரும்பியிருப்பார்கள். ஒரு நாள். ஒரு சாப்பாட்டு நேரம்.

போதும்.

ஜூன் 24

அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார். இடது கையால் சாப்பிடப் பழகுகிறார். பாதி தட்டில், பாதி மடியில். "படகு தேவலை, இந்த ஸ்பூன்தான் பேயாட்டம் ஆடுது" என்கிறார். போனை அலமாரியில் வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதே பழைய கதைகள். எல்லாவற்றையும் கேட்டேன்.

சாப்பிட்ட பிறகு அக்கா துணி துவைத்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி வரை போனவள், அங்கேயே நின்றாள். திரும்பாமலே கேட்டாள்:

"காயப்போடவா?"

நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். தெருவெல்லாம் வெயில். தென்னை மட்டை அசையவில்லை. கழுத்தோரம் மட்டும் பிசுபிசுப்பு.

"வேண்டாம்க்கா. வரும்."

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அக்கா ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். வாளியைத் திருப்பி உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.