வரப்புக்கு அந்தப் பக்கம் உன் காடு

சின்னவளே,

இன்று சாயந்திரம் பேத்தி துப்பட்டா முனையில் களாப்பழம் முடிந்துகொண்டு வந்தாள். வீடெல்லாம் அந்த வாசனை. "சின்னாயா காட்டுல பறிச்சது ஆயா, தின்னு பாரு" என்று என் கையில் கொட்டினாள். கருகருவென்று பழுத்த பழம், நாக்கில் வைத்ததும் கரைந்தது. சொல்ல மனசு வரவில்லை. "கொஞ்சம் புளிக்குது" என்றேன். நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன் பொருளை நல்லது என்று சொல்ல என் வாய் வரவில்லை, பார்த்தாயா.

அண்ணனை நானும் தம்பியை நீயுமாகக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தோம். கல்வராயன் மலையடியில் இருந்த மேட்டுக்காட்டை மாமனார் சரிபாதியாகப் பிரித்து, திருத்திப் பயிர் வைக்கச் சொன்னார். நடுவில் ஒரு வரப்பு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மண், ஒரே மழை. நின்ற மரமும் ஒன்றுதான்: வேங்கை, நெல்லி, கடுக்காய், வெப்பாலை.

நான் திருத்தியதை ஊரே வந்து பார்த்தது. மரத்தை வெட்டினேன். கடப்பாரை போட்டு வேர்க்கட்டையை நெம்பி எடுத்தேன். குவித்துக் கொளுத்தி, டிராக்டர் விட்டு உழுதேன். மாமனார் வந்து நின்றார். "தரையைப் பாரு, கல்யாணப் பந்தலே போடலாம். மருமவள்னா இவதான்" என்றார். நீயோ மரங்களை இடுப்பு உயரத்தில் வெட்டிவிட்டு, கட்டைகளுக்கு நடுவே சாமையைத் தூவிவிட்டு உட்கார்ந்திருந்தாய்.

"இன்னாமா, காடு திருத்துனியா, இல்ல காட்டுக்கு முடி வெட்டி உட்டியா?" என்று உன்னைக் கேட்டார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

நீ அசரவில்லை. "முடி வெட்டுனா மறுபடி வளரும் மாமா. அக்கா மண்டையையே எடுத்துட்டாங்களே!"

அவரே சிரித்துவிட்டார். அன்றைக்குப் பாராட்டு எனக்கு வந்தது, சிரிப்பு உனக்குப் போனது. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

என் பக்கம் வருஷா வருஷம் மரவள்ளி. ஜவ்வரிசிக்குக் கிழங்கு ஏற்ற சேகோ மில்லு லாரி என் வரப்பில்தான் வந்து நிற்கும். நீ கொஞ்ச நாள் சாமை எடுத்தாய், பிறகு கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாய். அடுப்புக்கு வேண்டிய கிளையை மட்டும் கழிப்பாய், இந்த வருஷம் ஒரு மூலை, அடுத்த வருஷம் வேறு மூலை. உன்னைச் சோம்பேறி என்று ஊரெல்லாம் சொன்னவள் நான்தான். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள இந்தக் கடுதாசி எழுதவில்லை. அந்த மரவள்ளிதான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. நான் அஞ்சாவதோடு நின்றவள். என் பேத்தி கள்ளக்குறிச்சியில் காலேஜ் போய் செடிகொடிப் பாடம் படிக்கிறாள்.

மண் அலுத்துப்போய்க் கிழங்கு சிறுத்தது. என் முழங்காலும் போனது. நானும் நிலத்தைக் கரம்பாக விட்டேன். அப்போதுதான் தெரிந்தது கூத்து. உன் பக்கத்துக் கட்டைகள் எல்லாம் வெட்டிய கரும்பின் மறுதாம்பு மாதிரி வெடித்துக் கிளம்பி எப்போதோ மரமாகிவிட்டிருந்தன. என் பக்கம் உண்ணிச்செடி ஏறியது. ஆள் நுழைய முடியாத முள், அதன் நாற்றம் வேறு.

பேத்தி தன் கூட்டாளிப் பெண்களை அழைத்து வந்து, தரையில் கயிறு கட்டி, உள்ளே என்னென்ன செடி இருக்கிறது என்று பார்த்தாள். உன் பக்கம் போனவர்கள் சாப்பிடக்கூட வரவில்லை. என் பக்கம் போன வேகத்தில் திரும்பினார்கள்.

"ஏண்டி, அதுக்குள்ள முடிஞ்சிட்ச்சா?"

"அங்க இன்னா ஆயா இருக்குது, பாக்கறதுக்கு? எல்லாம் உண்ணிச்செடி."

"உங்க சின்னாயாவும்தான வெட்டுனா?"

"வெட்டுனது தப்பில்ல ஆயா. வெட்டுனதால வெயில் உள்ள வந்து, நெழல்ல வராத செடிகூட அங்க வந்திருக்குது. வேரு உசுரோட இருந்துது, மண்ணுல வெதை இருந்துது. நீ கொளுத்திக் கொளுத்தி உழுததுல ரெண்டும் பூட்ச்சி. வெறும் தரை கெடைச்சா உண்ணிச்செடி உடுமா?"

"ஜாஸ்தி பேசாத" என்றேன்.

போன மாசம் சின்னசேலத்திலிருந்து உன் மகன் வந்தான். "பெரிம்மா, அம்மா பங்கு சும்மாதான கெடக்குது. ஜேசிபி உட்டு நெரவிட்டு மரவள்ளிக்குக் குத்தகைக்கு உட்டுடலாம்னு பாக்கறேன். பட்டா கூட்டா இருக்கறதால நீங்க சரின்னாதான் ஆவும்."

உனக்கு ஏன் மறைக்க வேண்டும்? உள்ளே குளுகுளு என்றிருந்தது. உன் காடு போய்விட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். வரப்பில் நின்று எவரும் இதையும் அதையும் ஒப்பிட மாட்டார்கள். என் பேத்திக்கும் என் வீட்டில் தின்ன நேரம் கிடைக்கும். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

மறுநாள் காலையில் போனேன். வரப்போரமாக உன் மரத்து நிழல் என் நிலத்தில் விழுகிற இடத்தில் உண்ணிச்செடி நோஞ்சானாக நின்றது. அதன் சந்தில் கன்றுகள். குருவி எச்சத்தில் வந்த நாவல். காற்றில் பறந்து விழுந்த வேங்கை. வரப்பை விட்டு நாலடி தள்ளினால் ஒன்றும் இல்லை. குனிய முடியாத முழங்காலோடு குனிந்து தொட்டுப் பார்த்தேன். என் மண்ணில் நிற்கிறது. என்னுடையது.

உன் மகனுக்குப் போன் போட்டேன். "வேணாம்டா. உங்கம்மா மரத்துல கை வெக்காத."

"இன்னா பெரிம்மா, அம்மா மேல திடீர்னு பாசம்? இருந்தப்போ வரப்புல நின்னு சண்டதான போட்டுக்கினு இருந்தீங்க?"

"பாசம்னு எவன்டா சொன்னான்? அந்த மரம் பூட்டா எனக்கு வெதை எங்கேந்து வரும்?"

"சரி பெரிம்மா, இருந்துட்டுப் போவட்டும்" என்றான்.

அன்றிலிருந்து விடிந்ததும் போய்க் கன்றைச் சுற்றி மட்டும் உண்ணிச்செடியைக் கழித்துவிடுகிறேன். கடப்பாரை எடுப்பதில்லை. இன்று களாப்பழத்தைத் தின்று முடித்துவிட்டுப் பேத்தியிடம் கேட்டேன், என் காடு உன் காட்டை எப்போது முந்தும் என்று. அவள் கொட்டையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

"அது எப்படி ஆயா முந்தும்? சின்னாயா காடும் வளந்துகினே இருக்கும்ல?"

அதை நான் யோசிக்கவில்லை. நீ செத்துப்போனாய் என்று இருந்துவிட்டேன்.

சரி, வளரட்டும். நாளைக்கும் போவேன்.

உன் அக்கா