ஒரு மைல் தள்ளித் தூங்கும் பன்றி

பிப்ரவரி 20, வியாழன்

சமையலறைக் குழாய் மறுபடி உறைந்துவிட்டது. தலைமுடி உலர்த்தும் கருவியைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் குனிந்து நின்றேன். தண்ணீர் வந்த அதே நேரத்தில் வாசல் மணியும் அடித்தது.

யெசெனியா. பூங்காவின் பொறுப்பாளர். கையில் ஆப்பிள் அட்டைப்பெட்டி. உள்ளே பார்வையாளர்கள் எழுதிப் போட்ட கருத்து அட்டைகள்.

பத்திரிகை நிருபரின் பழக்கதோஷம், யார், என்ன, எப்போது என்று எழுதாவிட்டால் எனக்குக் கை ஓடாது. எனவே: கெட்டில் பள்ளத்தாக்குப் பூங்கா. இருபத்திரண்டு மைல் மண்சாலை. வழிகாட்டி யாரும் கிடையாது. அவரவர் காரில், கையேட்டைப் பார்த்து, மைல் கணக்குப்படி நின்று நின்று போவது. பதினான்கு இடங்களில் எண் போட்ட கம்பங்கள். ஒன்பது முதல் பதினான்கு வரையுள்ள கீழ்ப்பாதியை மூடிவிடலாமா என்று ஏப்ரல் 9 அன்று மாவட்டக் குழு முடிவெடுக்கிறது. சாலையைச் சமன்செய்ய இருப்பது ஒரே இயந்திரம். ஒன்றுமில்லாத இடத்துக்கு அது எதற்கு என்பது குழுத் தலைவர் மெர்ரிலின் வாதம்.

"அட்டையெல்லாம் படிச்சு, குழுவுக்கு ஒரு அறிக்கை எழுதிக் குடுங்க மேடம். நீங்க எழுதினா இந்த ஊர்ல யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க."

"கையேடு போட்ட ஆளைக் கேட்டியா?"

"லமார் சாரா? கேட்டேன். கதவைச் சாத்திட்டாரு."

லமார் அப்படித்தான். எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் அவன் மனைவியாக இருந்தேன். பிரிந்து பதினெட்டு வருடம் ஆகிறது.

பிப்ரவரி 22

நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். ஒன்றிலிருந்து எட்டு வரை எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஒன்பதிலிருந்து புலம்பல்.

"எண் 9, தூங்கும் பன்றிப் பாறை: பன்றியைக் காணோம். என் மாமியாருக்கு மட்டும் தெரிகிறதாம்."

"எண் 11, ஊசிக்கண் வளைவு: ஊசியும் இல்லை, கண்ணும் இல்லை."

"எண் 14, அழும் சுவர்: சுவர் அழவில்லை. நாங்கள்தான் அழுதோம்."

தேதிவாரியாக அடுக்கினேன். ஆறு வருடத்துக்கு முந்தைய அட்டைகளில் ஒரு புகார்கூட இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால்தான் ஆகஸ்ட் வெள்ளம் வந்து கீழ்க் கம்பங்களை அடித்துக்கொண்டு போனது.

வெள்ளமா பன்றியையும் கொண்டுபோனது?

பிப்ரவரி 23

பனி. எங்கும் போகவில்லை. ரொட்டி சுட்டேன், கருகியது.

மார்ச் 2

இன்று போனேன். எட்டாம் கம்பத்தைத் தாண்டி நான் போய்ப் பத்தொன்பது வருடம் இருக்கும். அது லமார் பராமரித்துவந்த சாலை. அந்தப் பக்கம் எனக்கு வேலையில்லை என்று இருந்துவிட்டேன்.

கையேட்டின்படி பத்தாவது மைலில் ஒன்பதாம் கம்பம். நின்றிருந்தது. எதிரே மண்மேடு, இரண்டு ஜூனிப்பர் செடி, ஒரு காக்கை. சிறுமியாக இருந்தபோது குதிரையில் வந்து நான் பார்த்த பன்றி மூன்று மாடி உயரம். அதை ஒளித்துவைக்க முடியாது.

வண்டியை எடுத்து மெதுவாக ஓட்டினேன். வளைவு திரும்பியதும் — அங்கே கிடந்தது, மூக்கை ஓடையில் நீட்டிக்கொண்டு, சௌக்கியமாகத் தூங்கிக்கொண்டு. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

குறிப்பேட்டில் எழுதியது:
ஒன்பது — ஒரு மைல் தள்ளி.
பதினொன்று — ஒன்றேகால் மைலுக்குச் சற்று அதிகம்.
பதினான்கு — ஏறக்குறைய ஒன்று முக்கால்.

எல்லாமே பத்தில் ஒரு பங்கு. தற்செயல் இப்படிக் கணக்காக வராது.

வெள்ளத்துக்குப் பிறகு கம்பம் நட்டவர்கள் மாவட்ட ஆட்கள். கையேட்டில் இருந்த மைல் கணக்கைப் பார்த்து, தங்கள் வண்டி மீட்டரைப் பார்த்து நட்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கையேட்டின் மைல்தான் தப்பு. மேல் எட்டுக் கம்பங்களை வெள்ளம் தொடவில்லை, அவை பழைய சரியான இடத்திலேயே நிற்பதால் அங்கே யாருக்கும் தெரியவில்லை.

மார்ச் 3

டயர்!

பாத்திரம் கழுவும்போது வந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன், கையேடு போட்ட வசந்தத்தில்தான் லமார் தன் டிரக்குக்குப் பெரிய டயர் போட்டான். இந்த ஊர் ஆண்கள் எல்லாருக்கும் ஒரு வயதில் வரும் காய்ச்சல் அது. டயர் பெரிதானால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கூடுதலாகப் போகும். மீட்டருக்கு அது தெரியாது. பதினொரு மைல் ஓடினால் பத்து என்று காட்டும். அந்த வண்டியில் உட்கார்ந்துதான் சாலையை அளந்தான்.

அந்த டிரக்கில் நான் ஏறியதே இல்லை. இருக்கை என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. "ஒரு படி வை, அப்புறம் வர்றேன்" என்றேன். "ஏணி வேணா தரட்டா?" என்றான். அதிலிருந்து தொடங்கிய சண்டை பல ஊர் சுற்றி வழக்கறிஞர் அலுவலகத்தில் முடிந்தது.

மார்ச் 5

லமார் வீட்டுக்குப் போனேன். பாசனக் குழாயைப் பிரித்துப் போட்டு அதன் நடுவில் உட்கார்ந்திருந்தான். அதே டிரக் இன்னும் இருக்கிறது, வலப்பக்கம் கொட்டகைச் சுவரோடு ஒட்டி. தேவாலயச் சபைக்கு வருவதெல்லாம் சின்ன காரில். இது வயலுக்கு மட்டும்.

"என்ன நிருபரம்மா, யாரு செத்துட்டா?"

"யாரும் சாகல. பன்றி உயிரோட இருக்கு. ஒரு மைல் தள்ளி."

சொன்னேன். மீட்டர், டயர், பத்தில் ஒன்று. அவன் குழாயைத் திருகிக்கொண்டே கேட்டான். பிறகு திருகுவதை நிறுத்தினான்.

"என் கம்பத்தை நானே நட்டேன். பன்றி மூக்குக்கு நேரா. பதிமூணு வருஷம் ஒருத்தன் வாயத் தொறக்கல."

"கம்பம் சரி லமார். புத்தகத்துல இருக்கற மைலு தப்பு."

"வெள்ளம் வந்ததும், 'இனிமே நாங்க பாத்துக்கறோம், நீங்க ஓய்வெடுங்க'ன்னு சாவிய வாங்கிட்டுப் போனானுங்க. அன்னிக்கே சொன்னேன், இனி அந்த ரோட்டுல கால் வைக்கமாட்டேன்னு. வைக்கல. இப்ப அவனுங்க தப்பா நட்டதுக்கு என் தலையா உருளணும்?"

"மூடிடுவாங்க."

"மூடட்டும்! கூட்டத்துல எழுந்து நின்னு 'லமாரோட டயர் பெரிசு'ன்னு நீ படிச்சுக் காட்டு. கூட இருந்தப்பவும் தப்புதான் கண்டுபிடிச்ச, போனப்புறமும் அதே வேலையா?"

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என்ன பேச்சு பேசறான்! உதவி செய்யத்தானே போனேன்? போகாமலே இருந்திருக்கலாம். மூடட்டுமாம். மூடினா முதல்ல அழப்போறது அவன்தான்.

மார்ச் 9, ஞாயிறு

சபை விருந்து. எல்லாரும் என் பச்சை ஜெல்லியை எடுத்துக்கொண்டார்கள். லமார் எடுக்கவில்லை. காரட் துருவிப் போட்டது அவனுக்கு உயிர்.

மார்ச் 14

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். "கையேட்டைத் தயாரித்தவரின் வாகனத்தில் இருந்த டயர்களின் அளவு காரணமாக..." அடித்தேன். மறுபடி எழுதினேன். அடித்தேன்.

ஏன் ஓடவில்லை என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு நாளாக மேஜை மேல் கிடக்கும் கையேட்டின் பின்னட்டையை நான் திருப்பவே இல்லை. இன்று திருப்பினேன். பொடி எழுத்தில் ஒரு வரி:

"தூரங்கள் நேரில் சரிபார்க்கப்பட்டன — ஆர்டித்."

என் பெயர். நான் தட்டச்சு செய்த வரி. நேரில் எங்கே? அலுவலக மேஜையில். கையேட்டை எங்கள் பத்திரிகை அச்சகம் அச்சிட்டுக் கொடுத்தது. சரிபார்த்தவர் பெயர் இல்லாமல் எதையும் அச்சுக்கு அனுப்பக்கூடாது என்பது எங்கள் விதி. என் சொந்தக் காரில் ஒருமுறை ஓட்டியிருந்தால் அரைநாள் வேலை. அவன் சாலையில் போக மனமில்லை. அவனிடம் கேட்கவும் மனமில்லை. வரியை மட்டும் தட்டச்சு செய்துவிட்டேன்.

முப்பத்தெட்டு வருட வேலையில் மூன்றே மூன்று திருத்தம் வெளியிட்டிருக்கிறேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவள். நாலாவது பத்தொன்பது வருடமாகக் காத்திருக்கிறது.

டயர் அவனுடையது. பொய் என்னுடையது.

இதை அவனிடம் சொல்லவேண்டும். இதைச் சொல்லாமல்தானே அன்று அவன் குழாய் நடுவில் நின்று நியாயம் பேசினேன்?

மார்ச் 16

சொன்னேன். பின்னட்டையைக் கையில் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தான்.

"நீ சரிபாக்கல?"

"இல்ல."

"நீயா?"

"நான்தான்."

"ஆர்டித், எங்கம்மாவோட மரண அறிவிப்புல அவங்க பொறந்த வருஷத்தையே திருத்தினவ நீ!"

"அது தப்பா இருந்துச்சு லமார்."

வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நிறுத்தவே முடியவில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. அவன் நாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக் குரைத்தது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "பன்றி நல்லாருக்கா?"

"தூங்குது."

"சனிக்கிழம போலாம். உன் கார்ல. எதுக்கு வம்பு, மீட்டர் சரியா இருக்கட்டும்."

மார்ச் 22, சனி

ஆறு வருடச் சபதம் எட்டாம் கம்பத்தில் உடைந்தது. அதற்கு அப்புறம் வாய் மூடவில்லை.

தவறான ஒன்பதில் இறங்கி மண்மேட்டைப் பார்த்தான். "இங்க நின்னு பன்றி தெரியுதுன்னு சொன்ன அந்த மாமியாரை நான் பாக்கணுமே."

சரியான இடம் ஒவ்வொன்றிலும் நிறுத்தச் சொல்லி, குச்சி நட்டு, என் மீட்டரைக் குறித்துக்கொண்டோம். எண்ணை நான் வாசிக்க, அவன் திரும்ப வாசிக்க. பதினொன்றில் பாறை வளைவுக்குள் சூரியன் வரும்வரை நகரமாட்டேன் என்றான். நாற்பது நிமிடம். அழும் சுவரில் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே பெரணிகள் அதற்குள் துளிர்த்துவிட்டன. அங்கே உட்கார்ந்து ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டோம். ஜெல்லிக் கிண்ணத்தைத் திறந்து பார்த்தான்.

"காரட் போட்டதா?"

"போட்டதுதான். அன்னிக்கே எடுத்திருக்கலாம்."

"அன்னிக்குக் கோவம்." முழுக் கிண்ணத்தையும் காலி செய்தான்.

மெர்ரிலிடம் அறிக்கை கொடுத்துப் பயனில்லை. முதலில் ஊருக்குத் தெரியட்டும் என்றேன். தப்பை அச்சில் விட்டவர்கள் அச்சில் திருத்துவதுதான் முறை.

"என் பேரும் போடு," என்றான்.

"முதல்ல என் பேரு."

"டயர் என்னுது."

திரும்பும் வழி முழுக்க இந்தச் சண்டைதான்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்றைய இதழ், இரண்டாம் பக்கம், கட்டம் கட்டி:

"திருத்தம். கெட்டில் பள்ளத்தாக்குக் கையேட்டின் மைல் கணக்குகள் பத்தொன்பது ஆண்டுகளாகத் தவறானவை. அவற்றைச் சரிபார்த்ததாகக் கையெழுத்திட்ட ஆர்டித் சரிபார்க்கவில்லை. அளந்த லமாரின் டயர்கள் பெரியவை. பன்றி, ஊசிக்கண், அழும் சுவர் ஆகியவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வருந்துகிறோம்."

மளிகைக் கடையில் மூன்று பேர் என்னைப் பார்த்துப் பன்றிபோல் உறுமிக் காட்டினார்கள்.

ஏப்ரல் 9

கூட்டம். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். நானும் லமாரும் புதிய அளவுகளைப் படித்தோம். மெர்ரில் நடுவில் எழுந்தார்.

"அப்ப நான் ஆறு வருஷமா என் விருந்தாளிங்களுக்குக் காட்டினது என்ன?"

"எதைக் காட்டினீங்க?" — யெசெனியா.

"அந்த மேடு... இடது பக்கம் காது மாதிரி..."

"அது வெறும் மண்ணு, மெர்ரில்," என்றான் லமார்.

"எல்லாரும் போட்டோகூட எடுத்தாங்களேய்யா!"

கூரை பெயர்ந்துவிடும்போல் சிரிப்பு. சிரிப்பு அடங்கியபோது அவரால் மூடு என்று சொல்ல முடியவில்லை. வாக்கு இரண்டுக்கு ஒன்று. கீழ்ப்பாதி அக்டோபர் வரை திறந்திருக்கும். அதற்குள் கம்பங்களைச் சரியான இடத்தில் நடவேண்டும், அட்டைகளைப் பார்த்துவிட்டு மறுமுடிவு. எதிர்த்து வாக்களித்தவர் மெர்ரில் இல்லை.

வெளியே வந்ததும் யெசெனியா லமாரின் கையில் வாயிற்கதவுச் சாவியை வைத்தாள். அவன் அதைச் சட்டைப்பையில் போட்டு, பொத்தானை மாட்டிக்கொண்டு போனான்.

ஏப்ரல் 26

ஐந்து கம்பங்கள் நட்டாயிற்று. காற்று, வாயெல்லாம் மணல்.

மே 11

புதிய கையேடு வந்தது. பின்னட்டையில்: "தூரங்கள் நேரில் சரிபார்க்கப்பட்டன — இரண்டு முறை."

மே 30

இந்த மாதம் அறுபத்தொரு அட்டைகள். புகார் ஒன்றே ஒன்று, கழிப்பறை பற்றி. "எண் 9: என் மகள் பன்றிக்கு அரைமணி நேரம் தாலாட்டுப் பாடினாள்." அக்டோபர் பற்றி எனக்குக் கவலையில்லை.

பதினான்காம் கம்பம் மட்டும் பாக்கி இருந்தது. பாறைத் தரை, சிமெண்ட் மூட்டை கொண்டுபோகவேண்டும், என் கார் தாங்காது. லமார் டிரக்கைக் கொட்டகையிலிருந்து எடுத்து வந்து வாசலில் நிறுத்தினான். உடன் வருபவர் ஏறும் வலப்பக்கத்துக்குச் சுற்றிப் போனேன், எப்படி ஏறப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே.

கதவுக்குக் கீழே ஒரு இரும்புப் படி இருந்தது. சரியாக என் முழங்கால் உயரத்தில்.

புதிதாக வைத்தது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். பற்றவைத்த இடம் முழுக்கத் துரு. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வருகிறது. கதவுக்குப் பூசிய அதே பச்சை, அதே அளவு வெளுத்து. மிதித்த தேய்மானம் மட்டும் கொஞ்சமும் இல்லை.

எந்த வருடம் என்று கேட்பதுதான் நிருபரின் வேலை. நான் கேட்கவில்லை.

"என்ன, சரிபாத்தாச்சா?" என்றான் உள்ளேயிருந்து.

"ஆச்சு," என்று மிதித்து ஏறினேன்.