எல்லைக்கல்லுக்கு அந்தப்புறம் நின்ற புகைக்குழாய்

பாளையங்கோட்டை
1913 பிப்ரவரி

என் அருமை மகள் பியூலாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இவ்விடம் நான், உன் அம்மா, உன் தங்கை ஞானப்பூ மூவரும் சுகமாயிருக்கிறோம், கடலுக்கு அப்பால் ரங்கூனில் நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அப்படியே இருக்கவேண்டுமென்று அன்றாடம் ஜெபத்தில் உன் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறோம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, தைலம் தேய்க்கிறாள், தேய்க்கும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறாள், இரண்டில் எது வலியைக் குறைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆற்றில் தண்ணீர் நன்றாக வந்ததால் பிசானப் போக நெல் நன்றாக விளைந்திருக்கிறது, எங்கே பார்த்தாலும் அறுப்பு. ஞானப்பூவுக்கு ஈஸ்டர் கழிந்து கல்யாணம் என்று சபையில் பேசி முடிவாகிவிட்டது, அதைப்பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். அப்பா ஏன் மில்லைப்பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை என்று போன தபாலில் கேட்டிருந்தாய். நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதிவிடுவேன், நான் எழுதினால் இன்னும் மோசமாயிருக்கும் என்று உன் அம்மா சொல்லிவிட்டபடியால் நானே எழுதிவிடுகிறேன், நீ சிரிக்கிறதானால் உன்கூட இருக்கும் டீச்சரம்மாக்களுக்குத் தெரியாமல் சிரி.

பூகோளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நான் மேலப்பாளையம் போகும் சாலையில் அரிசி மில் வைத்தது உனக்குத் தெரியும். தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கிய ஸ்டீம் இஞ்சினும் பாய்லரும் ரயிலில் வந்து, ஆற்றுப் பாலத்தின்மேல் மாட்டுவண்டிகளில் ஊர்வலம் போனபோது நான் முன்னால் நடந்ததையும் நீ கப்பலேறுவதற்கு முன்னால் பார்த்தாய். உனக்குத் தெரியாதது என்னவென்றால், முனிசிபாலிட்டி எல்லைக்குள் ஸ்டீம் இஞ்சின் வைக்கிறவன் லைசென்ஸ் வாங்கவேண்டும், புகைக்குழாயை அவர்கள் சொல்லும் உயரத்துக்குக் கட்டவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. முனிசிபாலிட்டியின் எல்லைக்கல்லோ என் மனைக்கு நடுவில் நிற்கிறது. கல்லுக்குக் கிழக்கே முனிசிபாலிட்டி, மேற்கே கிராம யூனியன். யூனியனில் இஞ்சினுக்கென்று விதி எதுவும் இல்லை. ஆகையால் நெல் குத்தும் கொட்டகையைக் கிழக்கேயும், இஞ்சினையும் பாய்லரையும் குட்டையான ஒரு புகைக்குழாயையும் மேற்கேயும் வைத்தேன். தோல் பெல்ட் மட்டும் எல்லை தாண்டி வந்து வேலை செய்துவிட்டுத் திரும்பிப் போகும், அதற்கு லைசென்ஸ் கேட்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. இதை நானே யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், எனக்கு அப்போது இருந்த பெருமையை நினைத்தால் இப்போது காது சூடாகிறது.

தை மாதத்தில் மில் ஓட ஆரம்பித்தது. வாடைக்காற்றில் புகை எல்லாம் மேற்கே வயல் பக்கம் போனது, ஒரு வம்பும் இல்லை. வைகாசி கழிந்து மேல்காற்று எடுத்தது பார், மில்லுக்குக் கிழக்கே நெசவாளர் தெரு இருக்கிறதல்லவா, அங்கே தெரு நீளத்துக்கு வெள்ளை நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக் காயவைத்திருந்த பாவு பூராவும் என் மில்லின் உமிக்கரி போய் உட்கார்ந்தது. வருஷக்கணக்காகப் படத்தில் பிரம்பை வைத்துத் தென்மேற்குப் பருவக்காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான், சொல்லத் தெரியாத பையன்களை பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தியவனும் நான்தான். தெருவுக்குப் பெரியவரான பீர் மைதீன் மரியாதையாக மில்லுக்கு வந்தார். நான் முதலாளியாகி விட்டேன் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது, பழையபடியே, "வாத்தியாரய்யா, காத்து திரும்பிட்டு. ஒங்க கரி பூரா எங்க பாவுலதான் வந்து உக்காருது. புள்ளி விழுந்த வெள்ளத்துணிய யாரு வாங்குவா? குழாயக் கொஞ்சம் ஒசத்திக் கெட்டுங்க, அல்லா ஒங்களுக்கு பரக்கத்தத் தருவான்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா, உமிக்கரி பல்லுக்கு நல்லது மைதீன் என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அம்மா பியூலா, நீ எந்தப் பெரிய உத்தியோகத்துக்குப் போனாலும், குறை சொல்ல வந்தவர் முன்னால் நகைச்சுவை மட்டும் வேண்டாம்.

தெருக்காரர்கள் முனிசிபாலிட்டிக்கு மனுப் போட்டார்கள், முனிசிபாலிட்டி எனக்கு நோட்டீஸ் விட்டது, நான் எல்லைக்கல்லைக் காட்டினேன், அவர்கள் லைசென்ஸ் இல்லாமல் இஞ்சின் ஓட்டுகிறான் என்று மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கேஸ் போட்டார்கள். நம்முடைய சபையைச் சேர்ந்த நேசையா வக்கீலை வைத்தேன். சர்வேக்காரர்கள் சங்கிலி பிடித்து அளந்தார்கள், இஞ்சின் முழுக்க எல்லைக்கு வெளியே நிற்பதாகச் சொன்னார்கள். நானும் கூண்டில் ஏறி, அந்த நிலத்துக்கும் முனிசிபாலிட்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, எக்காலத்திலும் இருக்கக் காரணமும் இல்லை என்று பாடம் நடத்துகிற குரலில் வாக்குமூலம் கொடுத்தேன். ஐப்பசியில் கேஸ் தள்ளுபடியாயிற்று. ஜெயித்த சந்தோஷத்தில் வண்டி கட்டிக்கொண்டு, சுற்று வழியானாலும் பரவாயில்லை என்று நெசவாளர் தெரு வழியாகவே வீட்டுக்கு வந்தேன், கழுத்தில் மாலை வேறு. பீர் மைதீன் வாசலில் நின்றவர் வண்டியை நிறுத்தி, "சட்டம் ஒங்க பக்கம் வந்துட்டு வாத்தியாரய்யா, சந்தோசம். எல்லக்கல்லு எங்கன இருக்குன்னு கரிக்கு யாரு சொல்லிக்குடுக்க?" என்று கேட்டார். நான் மாட்டை ஓட்டச் சொன்னேன். பிறகு மழை வந்தது, காற்று திரும்பியது, கரியும் வயல் பக்கம் போனது, எல்லாம் முடிந்தது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

முடியவில்லை. போன வருஷம் ஆனியில் ஞானப்பூவின் நிச்சயம் முடிந்த கையோடு உன் அம்மா, எதையும் முன்கூட்டியே தொடங்குகிறவளாச்சே, கல்யாண வெள்ளைச் சேலைக்குச் சொல்லிவிட்டு வர பீர் மைதீன் வீட்டுக்குப் போனாள். போனவள் வெகுநேரம் கழித்து வந்தாள். வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்று, "அந்தத் தெருவுல இப்பம் வெள்ளப் பாவே போடுறதில்ல. எல்லா நூலையும் கருநீலத்துல முக்கிக் கைலிக்கு விடுதாங்க. ரெண்டு வீட்டுக்காரங்க தறியப் பிரிச்சுக்கிட்டு காயல்பட்டினத்துக்கே போயிட்டாங்க. அவரு பொஞ்சாதி மைதீன் பாத்திமா எம்முன்னால அழல, கோவிக்கல, பலகாரம் குடுத்து உபசரிச்சா. எனக்கு அதுலதான் மானம் போச்சு" என்றாள். நான் மெதுவாக, சட்டப்படி என்று ஆரம்பித்தேன். உன் அம்மா, "சரி, ஞானப்பூவையும் கருநீலத்துலயே கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவோம். ஏன்னு பாதிரி ஐயர் கேட்டா, பொண்ணோட அப்பா கேசுல ஜெயிச்சவருன்னு சொல்லுதேன்" என்றாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்றைக்குச் சோறு வழக்கம்போலத்தான் போட்டாள்.

மறுநாள் நான் பீர் மைதீன் வீட்டுக்கு நடந்தே போனேன், வண்டி கட்டத் துணிவில்லை. அவர் அந்த முறை மரியாதைக்குக்கூட உட்காரச் சொல்லவில்லை. "இப்பம் எதுக்கு வந்தீய? பாவுல விழுந்தது எங்க அடுப்புக்கரிதான்னு ஒங்க வக்கீலு கோர்ட்ல சொன்னாரே, அது பொய்யின்னு ஒங்களுக்குத் தெரியும்லா? பக்கத்துல நின்னுக்கிட்டு ஒரு வார்த்த பேசாம இருந்தீயளே" என்றார்.  நான், குழாயை உயர்த்திக் கட்டுகிறேன், அதுவரைக்கும் காலையில் உங்கள் பாவு காய்ந்து சுருட்டின பிறகுதான் பாய்லரில் தீ மூட்டுவேன் என்று சொன்னேன். "கெட்டி முடிங்க, பொறவு பேசுவோம்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். சொன்னபடியே அந்த மேல்காற்று முடியும்வரை, நெல் மூட்டைகளோடு வந்து நிற்கும் வியாபாரிகள் முறைக்க முறைக்க, ஸ்டீம் மில்லின் முதலாளி வாசலில் நின்று தெருவில் பாவு எடுத்துவிட்டார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிமேல்தான் வேடிக்கை. கொத்தனாரைக் கூட்டிவந்தேன். அவர், இவ்வளவு உயரம் கட்டக் காகிதம் வேண்டும் என்றார். யூனியன் ஆபீசுக்குப் போனேன். எங்களிடம் புகைக்குழாய்க்கு விதியே கிடையாது, நாளைக்கு அது யார் தலையிலாவது விழுந்தால் நாங்கள் பதில் சொல்ல முடியாது, முனிசிபாலிட்டி இஞ்சினீயர் பார்த்துச் சரி என்று எழுதிக்கொடுத்தால் கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். முனிசிபாலிட்டிக்குப் போனேன். அங்கே என்னை எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். இஞ்சினீயர் நாற்காலி எல்லாம் போட்டு உட்காரவைத்து, "கல்லுக்கு அந்தப்பக்கம் நாங்க காலு வைக்கக்கூடாதுன்னு தீர்ப்பு வாங்கினது நீங்கதானய்யா, எங்களுக்கு அது அந்நிய தேசம்லா" என்றார். குழாயைக் குட்டையாக வைத்திருக்க எனக்கு முழு உரிமை இருந்தது, உயர்த்தத்தான் உலகத்தில் யாருடைய அனுமதியும் கிடைக்கவில்லை. நேசையா வக்கீலிடம் போய் வழி கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஒரே வழிதான் இருக்கிறது, உம்முடைய நிலத்தையும் முனிசிபாலிட்டியில் சேர்த்துக்கொள்ளும்படி சர்க்காருக்கு மனுச் செய்யும் என்றார். செய்தேன். மனுவில் எனக்கு அடுத்த கையெழுத்து பீர் மைதீன் போட்டது. போடும்போது, "மொத மனு ஒங்க மேல, இந்த மனு ஒங்களுக்காக. ஒங்களால எனக்குக் கையெழுத்து நல்லாத் திருந்திட்டு" என்றார். அப்போதுதான் அவர் முகத்தில் முதல்முதலாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

ஆட்சேபணை உள்ளவர்கள் வரலாம் என்று தண்டோரா போட்டார்கள். யார் வருவார் என்று இருந்தேன், பக்கத்து நிலத்துச் சுடலையாண்டி வந்து நின்றார். என் தீர்ப்பைக் கேள்விப்பட்டு, லைசென்ஸ் தொந்தரவு இல்லாத இடம் என்று அவரும் அங்கே எண்ணெய் மில் வைக்க இஞ்சினுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டாராம். "ஒம்ம நம்பித்தானவே எறங்குனேன், இப்பம் நீரே கல்லத் தூக்கி எந்தலையில போடுதீரே" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். அவர் வைத்த வக்கீல் யார் தெரியுமா, நம்முடைய நேசையாதான். கேட்டதற்கு, இந்த நிலத்து விவகாரம் என்னைவிட யாருக்குத் தெரியும் என்றார்.

டிப்டி கலெக்டர் முன்னால் விசாரணை நடந்தது. நேசையா வக்கீல் எழுந்து, நான் கோர்ட்டில் கொடுத்த பழைய வாக்குமூலத்தை, எக்காலத்திலும் இருக்கக் காரணமும் இல்லை என்பதுவரை, என் குரலிலேயே வாசித்தார். அன்றைக்கு அது எவ்வளவு அழகாக இருந்தது, மகளே, இப்போது அதைக் கேட்டு நானே எனக்கு எதிராகக் கைதட்டியிருப்பேன். டிப்டி கலெக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது உம்முடைய வார்த்தைதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்போது ஒன்று சொன்னீர், இப்போது அதற்கு நேர்மாறாகச் சொல்லுகிறீர், நான் எதை நம்புவது என்றார். பின்னால் தெருக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். நான் யோசித்து வைத்திருந்த பிரசங்கம் முழுவதும் மறந்துபோயிற்று, வாயில் வந்ததைச் சொன்னேன்: "ஐயா, அப்பம் சொன்னதுல எனக்கு லாபம். இப்பம் சொல்லுததுல எனக்கு நட்டம். ஒருத்தன் தனக்கு நட்டம் வரும்படியாச் சொல்லுததத்தான் நம்பணும்." டிப்டி கலெக்டர் சிரித்துவிட்டார், நேசையா வக்கீலும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். சுடலையாண்டி மட்டும் சிரிக்கவில்லை. பாவம், அவருடைய இஞ்சின் நல்ல இஞ்சின். நீங்களும் முறைப்படி லைசென்ஸ் வாங்கி வையுங்கள், எப்படி வாங்குவது என்று நான் கற்றுத் தருகிறேன் என்றேன். என்னிடம் கற்றுக்கொள்ள அவருக்கு இனி நம்பிக்கை இல்லையாம்.

இந்த மாதம் சென்னையிலிருந்து உத்தரவு வந்து கெஜட்டில் அச்சாகிவிட்டது. முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து எல்லைக்கல்லைத் தோண்டி, என் நிலத்துக்கும் சுடலையாண்டி நிலத்துக்கும் மேற்கே கொண்டுபோய் நட்டார்கள். கொத்தனாருக்கும் காகிதம் கிடைத்தது, சாரம் கட்டியாயிற்று, மேல்காற்று எடுக்குமுன்னே குழாய் முடிந்துவிடும் என்கிறார். காயல்பட்டினத்துக்குப் போன வீடுகளில் ஒன்று திரும்பி வருகிறதாகப் பேச்சு, மற்ற வீட்டுக்காரர்கள் அங்கேயே ஊன்றிவிட்டார்கள், அதை நினைத்தால்தான் எனக்கு மனது சரியாயில்லை. கல்லை நட்ட மறுநாள் காலையில் முனிசிபாலிட்டிப் பியூன் வந்து ஒரு நோட்டீஸ் கொடுத்தான். முனிசிபல் எல்லைக்குள் லைசென்ஸ் இல்லாமல் ஸ்டீம் இஞ்சின் வைத்திருக்கிற குற்றத்துக்கு உம்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று கேட்டிருந்தார்கள். உன் அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி முதலிலிருந்து முடிவுவரை வாசித்துவிட்டு, பியூனை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள்.

ஞானப்பூவின் கல்யாணத்துக்கு வர, நீ ஈஸ்டர் கழிந்த உடனே வரும் கப்பலுக்கு இப்போதே லீவு கேட்டுவிடு, கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது, நாளைக்கு என்று தள்ளாதே. மழையில் நனையாதே, பல்லி விழுந்த தண்ணீரைக் குடித்துவிடாதே, வெளியே போகும்போது குடையை மறக்காதே. உன்னைப் படைத்த தேவன் கடல்மேலும் கரைமேலும் உன்னைக் காத்து, நல்ல சுகத்தோடும் சிரித்த முகத்தோடும் எங்கள் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவாராக. அம்மாவும் ஞானப்பூவும் முத்தங்கள் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
லைசென்சுக்கு மனு எழுத உட்கார்ந்திருக்கிற உன் அப்பா,
தேவசிகாமணி